சாக்கு

கோட்டை என்று பெயர்; மதில் இல்லை.
அதற்கும் வெளியே நாங்கள், புறக்கோட்டை,
நாலாம் குறுக்குத் தெருவில்
மர்ஜான் ஹாஜியாரின் சாக்குக் கடை.
கணக்கு எழுதுவது நான்.

முதலாந் தரம் ஓட்டையில்லாதது, அரிசிக்குப் போகும்.
இரண்டாந் தரம் தைத்தது, கொப்பராவுக்கு.
மூன்றாந் தரத்தை யாரும் கேட்பதில்லை:
எலி கடித்தது, எண்ணெய் ஊறியது,
வெங்காயத் தோல் இன்னும் ஒட்டியிருப்பது.
அந்த வருடம் அதற்குத்தான் விலை ஏறியது.
லொறியில் வந்தார்கள். பேரம் பேசவில்லை.
மணலுக்கு ஓட்டை தெரியாதா என்றேன்.
"ஈர மணல்" என்றார் ஹாஜியார். "ஒழுகாது. நீ எழுது."

எழுதினேன்.
கொம்பனித்தெரு நானூற்றைம்பது.
கொள்ளுப்பிட்டிச் சந்தி இருநூற்றெண்பது.
பாலத்தடிக்கு முதலில் நூறு, பிறகு இன்னும் அறுபது;
மழையில் சரிந்ததாம்.
ஒரு நகரம் எவ்வளவு பயந்திருக்கிறது என்பதை
சனிக்கிழமைகளில் கூட்டிக் கோடு போட்டேன்.

பின்னேரம் நூறாம் நம்பர் பஸ்ஸில்
வெள்ளவத்தைக்குத் திரும்புகையில் இறக்குவார்கள்.
ஐ.சி.யை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்க
என் கண் தன்பாட்டில் எண்ணத் தொடங்கும்:
அடியில் பதினாறு, அதற்கு மேல் பதினைந்து,
எட்டு அடுக்கு, மூலையில் நாலு குறைகிறது.
எண்ணாதே.
காவலரணை எண்ணுகிற தமிழனுக்கு
இந்த ஊரில் வேறு பெயர்.
முகத்தைத் திருப்பினால் அதுவும் ஒரு பார்வைதான்.

துப்பாக்கிக் குழாய் சாய்ந்திருந்த இடத்தில்
நீல மையில் எங்கள் அச்சு: ம.ஹா.
பக்கத்தில் என் கையெழுத்து, 68 கிலோ.
எட்டின் வயிறு எனக்கு எப்போதும் கோணும்.

"மொனவாத பலன்னே?"
மீசை முளைக்காத பையன்.
கொழும்பில் என்ன வேலை என்றான்.
கோணி, என்றேன். அவன் மொழியிலும் அது கோணிதான்.
தலையாட்டினான்.
என் மொழியில் அதற்குள்ள மற்றப் பெயரைச் சொல்லவில்லை.
அதில் தினமும் ஒன்று வேண்டியிருந்தது,
இந்த ஊரில் ஏன் இருக்கிறாய் என்று கேட்டால் நீட்ட:
வைத்தியம், கலியாணம், பாஸ்போட்.

ஐப்பசி மழைக்கு மூட்டைகள் முளைத்தன.
தையலுக்குள் மாட்டிக்கிடந்த பயறு.
பிடுங்கச் சொல்லியிருப்பார்கள்;
பையன் ஒன்றை மட்டும் விட்டிருந்தான்.
அதற்காக அவனை எனக்குப் பிடித்தது
என்று சொல்லமாட்டேன்.

தை மாதம் லொட்ஜைச் சுற்றிவளைத்தார்கள்.
என் சட்டைப் பையில் சின்னக் கொப்பி,
கொழும்பின் காவலரண்கள் அத்தனையும், எண்ணிக்கையோடு.
பக்கத்துக் கட்டில் பவநிதியிடம் ஒன்றுமில்லை.
கனடா போக ஏஜென்சிக்காரனைப் பார்த்திருந்தவன்.
ஒரு சோடிச் சப்பாத்து, கால் கடிக்கும் என்று
பழைய பேப்பர் திணித்து வைத்திருந்தான்.
அந்தப் பேப்பரைக்கூட விரித்துப் படித்தார்கள்.
இருவரையும் ஒரே ஜீப்பில் ஏற்றினார்கள்.

விடிய ஹாஜியார் வந்தார்,
அமைச்சின் முத்திரை குத்திய கட்டளைத் தாள்களோடு.
கொப்பியை ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டார்கள்.
ஒரு சாக்குக்கூடப் பிசகவில்லை.
"நல்ல கணக்கு" என்றார் பெரியவர், என்னை விட்டார்.
பவநிதிக்கு ரசீது இல்லை.

சண்டை முடிந்து மூட்டைகளை அள்ளிப்போனார்கள்.
அவ்வளவு மணலையும் எங்கே கொட்டினார்களோ.
ஹாஜியார் மௌத்தாகிவிட்டார்;
மகன் பொலித்தீன் பை விற்கிறான்.
பேரேடு மட்டும் இன்னும் என்னிடம்.

கடைசி லொறிக்கு நாற்பது சாக்கின் காசு
அமைச்சு தரவில்லை.
"வராது அங்கிள், வெட்டிவிடுங்கள்" என்கிறான் மகன்.
ஒவ்வொரு ஏப்ரலும் புதுப் பக்கத்துக்குக் கொண்டுபோகிறேன்.
வரவேண்டியது: சாக்கு நாற்பது.
அதற்குக் கீழே இன்னொரு வரி,
தொகை இல்லாமல்,
பெயர் மட்டும்.